புல்தரையைத் தோண்டும் பெருச்சாளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டம், பள்ளி வளாகம், அடுக்ககத்தின் பொதுப் புல்தரை என எங்கெல்லாம் இரவோடு இரவாக மண்குவியல் முளைக்கிறதோ, அங்கெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டின் மண்ணையும் மழையையும் இங்கே உள்ள விலங்குகளையும் வைத்துச் சொல்லப்பட்டவை.

இணையத்தில் தேடினால் புல்தரையைத் தோண்டுவது 'மோல்' என்று வருகிறது. எங்கள் தோட்டத்தில் இருப்பதும் அதுதானா?

இல்லை. மோல் ஐரோப்பா, வட அமெரிக்கா, குளிர் மிகுந்த ஆசியப் பகுதிகளில் வாழும் விலங்கு. இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் உண்டு. தமிழ்நாட்டில் கிடையாது. அது பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே கிடந்து மண்புழுவும் புழுபூச்சியும் தின்று வாழ்வது. தானியத்தைத் தொடாது.

இங்கே தோண்டுவது பெருச்சாளி. கொறிக்கும் இனம், இரவில் வெளியே வந்து தானியம், கிழங்கு, எச்சில் சோறு, நத்தை, விழுந்த பழம் என்று கிடைத்ததைத் தின்னும். அதனால் மோலுக்காகச் சொல்லப்படும் வைத்தியங்கள், அதாவது ஆமணக்கெண்ணெய்க் குருணை தூவுவது, மண்ணில் உள்ள புழுக்களைக் கொன்று பட்டினி போடுவது போன்றவை இங்கே காசுக்குக் கேடு. பூச்சிக்கொல்லி ஊற்றினால் மண்புழு சாகும், பெருச்சாளி குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்.

பெருச்சாளிதான் என்று எப்படி உறுதி செய்வது?

குவியலையும் துளையையும் பாருங்கள். பெருச்சாளி வளையின் வாய் மூன்று அங்குலத்துக்குக் குறையாது. பக்கத்திலேயே தளர்ந்த மண் விசிறியடித்ததுபோல் குவிந்திருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது வாயைப் புது மண்ணால் அடைத்து வைக்கும் பழக்கம் உண்டு. துளையே தெரியாமல் குவியல் மட்டும் தெரிவது இதனால்தான். சுவரோரமாகப் புல் நசுங்கி, கையகல நடைபாதை ஒன்று போயிருக்கும். புழுக்கை முக்கால் அங்குலம் வரை நீளமாக இருக்கும்.

நம் ஊரில் இரண்டு வகை உண்டு. சிறியது கால் கிலோவை ஒட்டிய எடை. வாலின் நீளம் உடலைவிடக் குறைவு. வயல் வரப்பில் நெல்லைச் சேர்த்து வைப்பதும் இதுதான். பெரியது ஒரு கிலோ வரை வளரும். கறுத்த முடி, பருத்த வால். நகரத்துச் சாக்கடைகளிலும் குப்பைமேடுகளிலும் அதிகம். இரண்டையும் பிடிக்கும் வழி ஒன்றே, ஆனால் பொறியின் அளவு மாறும்.

வேறு சில சந்தேகங்கள்:

விரல் பருமனில் மண் வரிவரியாகத் தூக்கியிருந்து, அழுத்தினால் பொதபொதவென்று இறங்கினால் அது பிள்ளைப்பூச்சி. சோதிக்க எளிய வழி: ஐந்து லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஊற்றுங்கள். பிள்ளைப்பூச்சி என்றால் சில நிமிடங்களில் மேலே ஏறி வரும்.

உருண்டை உருண்டையாகச் சிறு மண் மணிகள் என்றால் மண்புழு எச்சம். விட்டுவிடுங்கள், அது உரம்.

வறண்ட மணற்பாங்கான இடத்தில், மண் அடைக்காத வட்டத் துளைகள் பல அருகருகே இருந்தால் வெள்ளெலியாக இருக்கலாம். வயலை ஒட்டிய ஈர நிலத்தில், சேற்று உருண்டைகளை அடுக்கிய வாயோடு இருந்தால் நண்டு வளை.

துளை இல்லாமல் ஆழமற்ற கிளறல் மட்டும் என்றால் கீரியோ நாயோ பன்றியோ புழு தேடியிருக்கிறது.

மூஞ்சூறைப் பலர் குற்றவாளி ஆக்குகிறார்கள். கூர்மூக்கும் கீச்சுக் குரலும் நாற்றமும் உள்ள அந்தச் சிறு பிராணி தின்பது கரப்பானும் பூச்சியும். புல்தரையில் குவியல் போடுவது அதன் வேலை இல்லை.

பத்துத் துளை தெரிகிறது. பத்துப் பெருச்சாளியா?

பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். ஒரு வளைக்குப் பல வாய்கள் உண்டு. வளர்ந்த பெருச்சாளி பொதுவாகத் தனியாகத்தான் வளையில் இருக்கும், குட்டி போட்ட தாயைத் தவிர. ஆனால் மூன்று வாரச் சினைக்காலத்தில் ஏழெட்டுக் குட்டி போடும் இனம் இது. 'ஒன்றுதானே' என்று ஒரு பருவம் விட்டால் அடுத்த பருவத்தில் கணக்கு வேறு.

எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று அறிய, மாலை ஐந்து மணிக்கு எல்லா வாய்களையும் மண் போட்டு மிதித்து அடையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நடுங்கள். காலையில் எந்தக் குச்சிக்குப் பக்கத்தில் திறந்திருக்கிறதோ அல்லது புது மண் வந்திருக்கிறதோ அதுதான் உயிருள்ள வளை. இரண்டு இரவு பார்த்தால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பொறி வைப்பவர்கள் பாதி நாள் காலி வளைக்குக் காவல் இருக்கிறார்கள்.

வளைக்குள் கையை விடவே கூடாது. பெருச்சாளி விட்டுப்போன பொந்தில் சாரையும் நல்லபாம்பும் தங்கும்.

தெருவில் இத்தனை வீடு இருக்க, எங்கள் புல்தரைக்கு ஏன் வருகிறது?

புல்லைத் தின்ன வரவில்லை. தினம் தண்ணீர் ஊற்றுவதால் மண் மெத்தென்று தோண்ட வசதியாக இருக்கிறது. பத்தடி தூரத்தில் சாப்பாடு இருக்கிறது. அந்தச் சாப்பாடு எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பொறி அதற்குப் பிறகு.

வழக்கமாகச் சிக்குபவை: காக்கைக்கு வைத்து மீந்த சோறு, நாய்க்கு இரவில் வைக்கும் தட்டு, கோழித் தீவனம், மூடியில்லாத உரக்குழியில் போடும் சமையல் கழிவு, மரத்தடியில் அழுகும் மாம்பழமும் கொய்யாவும், ஓலையும் மட்டையும் குவித்த மூலை. தோட்டத்தில் மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி இருந்தால் அவையும்.

காக்கைச் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் வையுங்கள், பத்து மணிக்குள் மீதியைக் கழுவி விடுங்கள். நாய்த் தட்டைப் பொழுது சாயும் முன் உள்ளே எடுங்கள். உரக்குழியை மூடியுள்ள தொட்டியாக மாற்றுங்கள். அடியில் கம்பிவலை இல்லாத தொட்டி பயனில்லை, கீழே இருந்து நுழையும். செங்கல் அடுக்கு, பழைய மரச்சாமான், ஓலைக்குவியல் எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.

இதை ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தபின் பொறி வைத்தால், பசித்த பெருச்சாளி இரைக்கு வரும். வயிறு நிறைந்தது வராது. பொறி பலிக்கவில்லை என்று சொல்லும் பலருக்குக் காரணம் பொறியில் இல்லை, பக்கத்து உரக்குழியில்தான் இருக்கிறது.

எந்தப் பொறி சரி?

கடையில் தொங்கும் சிறிய கம்பிக்கூண்டு வீட்டெலிக்கானது. பெருச்சாளி அதற்குள் முழுதாக நுழையாது. நுழைந்தாலும் வால் கதவில் சிக்கிக் கதவு மூடாது, அல்லது கம்பியை வளைத்துக்கொண்டு போய்விடும். கூண்டு குறைந்தது ஒன்றரை அடி நீளம் இருக்கட்டும். கம்பி தடிமனாகவும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கதவு மூடியதும் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி உள்ளதா என்று வாங்கும்போதே விரலால் தள்ளிப் பாருங்கள்.

வைக்கும் முறை: வளை வாயிலிருந்து மூன்று நான்கடி தள்ளி, அது நடக்கும் சுவரோரப் பாதையில், கதவு பாதையைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். அடியில் கையளவு மண் தூவினால் கம்பி காலில் உறுத்தாது. மேலே ஈரச்சாக்கு போட்டு, வாயை மட்டும் விட்டு மூடுங்கள். முதல் மூன்று இரவு கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, இரையை மட்டும் போடுங்கள். இரை காணாமல் போகத் தொடங்கிய பின், நான்காம் இரவு கட்டை அவிழ்த்துப் பொறியை ஏற்றுங்கள்.

இரையாகச் சுட்ட தேங்காய்ச் சில், கருவாட்டுத் துண்டு, வறுத்த நிலக்கடலை, மசால் வடை எதுவும் சரி. தெரு முழுக்கக் கருவாடு காயும் மீனவ ஊரில் தேங்காய் வையுங்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் கருவாடு வையுங்கள். அங்கே எளிதில் கிடைக்காதது எதுவோ அது. இரையைக் கொக்கியில் நூலால் கட்டுங்கள். சும்மா செருகினால் கதவை விழவைக்காமலே உருவிக்கொண்டு போகும்.

டெல்டா மாவட்டங்களில் மூங்கில் வில்லால் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொழுது சாய வைத்து விடியும் முன் எடுத்துவிடுவார்கள். ஆள் கிடைத்தால் மருந்தைவிட இது எவ்வளவோ மேல். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் வளை பார்த்துத் தோண்டிப் பிடிப்பதில் இருளர்கள் கைதேர்ந்தவர்கள். எந்த வாய் தப்பியோடும் வழி என்று மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். தோண்டும் முன் அந்த இடத்துப் புல்லை மண்ணோடு பத்தையாக அறுத்து நிழலில் வைத்துவிடுங்கள்.

பசை அட்டை வேண்டாம். பெருச்சாளி அட்டையையே இழுத்துக்கொண்டு ஓடும். ஓணானும் தவளையும் தவிட்டுக்குருவியும் ஒட்டித் துடிக்கும்.

ஒன்று மாட்டியது, அதன்பின் ஒரு மாதமாக எதுவும் மாட்டவில்லை. ஆனால் குவியல் வருகிறது. ஏன்?

முதலில் மாட்டியதன் பயத்தைப் பார்த்து மற்றொன்று எச்சரிக்கையாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் விஷயம் எளிது: பொறி அதே இடத்தில் இருக்கிறது, பாதை மாறிவிட்டது. வளைச் சோதனையைத் திரும்பச் செய்து, கூண்டை இடம் மாற்றி, இரையையும் மாற்றி, மறுபடி மூன்று இரவு கதவைக் கட்டி வைத்துத் தொடங்குங்கள். கூண்டை வெந்நீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பது நோய்க்காகவே அவசியம்.

பிடித்ததை ஏரிக்கரையில் விட்டுவிடலாமா?

ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் பெருச்சாளி வளை போட்டால்தான் மழையில் கரை உடைகிறது. வயலில் விட்டால் ஒரு விவசாயியின் நெல். கூண்டோடு தண்ணீரில் அமுக்குவது நீண்ட வேதனை, செய்யாதீர்கள். தடித்த சாக்குக்குள் மாற்றித் தலையில் ஒரே பலத்த அடியாக முடிப்பதுதான் குறைந்த வேதனை. மனம் வராதவர்கள் பூச்சிக்கட்டுப்பாட்டுச் சேவையாளரிடம் கூண்டை ஒப்படையுங்கள். இறந்ததை இரண்டடி ஆழத்தில், கிணறு, ஆழ்துளைக் குழாயிலிருந்து தள்ளிப் புதையுங்கள்.

மருந்து வைத்தால் சீக்கிரம் முடியாதா?

வீட்டுப் புல்தரைக்கு மருந்து கடைசி வழி. எந்த மருந்து என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புரோமாடியலோன் 0.005 சதவீதக் கட்டி: இரத்தம் உறைவதைத் தடுப்பது. தின்ற பெருச்சாளி சில நாள் கழித்தே சாகும். ஆகையால் மற்றவை சந்தேகப்படாமல் தொடர்ந்து தின்னும். வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்தும் உண்டு. வைப்பதானால் புல்மேல் எறியாதீர்கள்; உயிருள்ள வளைக்குள் குச்சியால் ஒரு முழம் தள்ளி, வாயைத் தளர்ந்த மண்ணால் மூடுங்கள், அல்லது பூட்டுள்ள இரைப்பெட்டிக்குள் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்து, தின்றிருந்தால் மட்டும் நிரப்புங்கள். இறந்ததைத் தினமும் காலையில் தேடி எடுக்க வேண்டும்; எடுக்காவிட்டால் அதைத் தின்னும் கூகைக்கும் நாய்க்கும் விஷம் ஏறும்.

சிங்க் பாஸ்பைடு: வயல்வெளியில் 96 பங்கு தானியக் குருணை, 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து என்று கலந்து வைக்கும் கறுப்புப் பொடி. மாற்று மருந்து இல்லை. குறைவாகத் தின்று பிழைத்த பெருச்சாளி அந்த இரையை நெடுநாள் தொடாது. குழந்தையும் கோழியும் நாயும் உலவும் வீட்டில் இதற்கு இடமே இல்லை.

மஞ்சள் பாஸ்பரஸ் 3 சதவீதம் உள்ள எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள். கல்லீரலை அழிக்கும் நஞ்சு அது.

வளைக்குள் மாத்திரை போட்டு அடைத்தால் வாயுவில் செத்துவிடும் என்கிறார்களே?

அது அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் மட்டும், குடியிருப்பிலிருந்து தள்ளிப் பயன்படுத்த வேண்டியது. உங்கள் புல்தரை வளை எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டுத் தரைக்கு அடியில் முடிந்தால் வாயு விரிசல் வழியாகப் படுக்கையறைக்கு ஏறும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் இறந்தனர். வீட்டுத் தோட்டத்துக்கு இந்த மாத்திரை வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி வெளியேற்றலாமா?

களிமண்ணில், சுவரிலிருந்து தள்ளி இருக்கும் சிறு வளைக்குச் சில சமயம் பலிக்கும். மணற்பாங்கான மண்ணில் ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொள்ளும். பெருச்சாளி நன்றாக நீந்தும். மதில் அடியிலோ செப்டிக் தொட்டிக்குப் பக்கத்திலோ ஊற்றினால் வளை அகன்று அஸ்திவாரத்து மண் கரையும். பெருச்சாளியால் ஆகாத சேதத்தை நாமே செய்வதாகும்.

ரசகற்பூரம், மிளகாய்ப் புகை, அதிர்வுக் குச்சி, ஒலிக்கருவி?

நாலு நாள் வேறு வாய் வழியாகப் போய்வரும், பிறகு பழகிவிடும். ரசகற்பூர உருண்டையைக் குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துத் தின்னும் ஆபத்து தனி.

பூனை வளர்த்தால்?

சுண்டெலிக்குச் சரி. வளர்ந்த பெருச்சாளி சீறி எதிர்த்து நின்றால் பெரும்பாலான பூனைகள் பேசாமல் விலகிப் போகும். கூகையும் சாரைப்பாம்பும் நல்ல வேட்டைக்காரர்கள்; மருந்தைத் தவிர்த்தாலே அவை தங்கும். பெரிய தோட்டமானால் ஆறேழடி உயரத்தில் 'டி' வடிவக் குச்சி நட்டு வையுங்கள், கூகை உட்கார்ந்து பார்க்கும்.

திரும்ப வராமல் நிரந்தரமாகத் தடுக்க என்ன வழி?

மண்ணுக்குள் கம்பிவலை. செலவும் உழைப்பும் அதிகம்தான், ஆனால் நீடித்து நிற்பது இது ஒன்றே. புதிதாகப் புல்தரை போடப் போகிறவர்கள் முதலிலேயே செய்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

துத்தநாகப் பூச்சு ஏறிய வெல்டு மெஷ், கண் அரை அங்குலம். கோழிவலை வேண்டாம், கடித்துவிடும், ஈரமண்ணில் சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். மதிலை ஒட்டி, வெளிப்பக்கமாக இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் எடுங்கள். வலையை நிறுத்தி, அடியில் ஓரடியைச் செங்கோணமாக மடக்குங்கள். மடிப்பு பெருச்சாளி வரும் பக்கத்தை நோக்க வேண்டும். செங்குத்தாகத் தோண்டி வருவது மடிப்பில் முட்டி நிற்கும், பின்வாங்கி மடிப்பு முடியும் இடம் தேட அதற்குத் தெரியாது. இரண்டு துண்டு வலை சேரும் இடத்தில் அரையடி ஒன்றின்மேல் ஒன்று ஏறவிட்டுக் கம்பியால் கட்டுங்கள். மேலே தரைமட்டத்துக்கு நாலு அங்குலம் துருத்தி, சுவரோடு ஆணியடித்துச் சிமெண்ட் பூசுங்கள்.

வலை போடும் முன் உள்ளே இருப்பதைப் பிடித்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிறை வைத்ததாகும். வெளியேறத் தோட்டம் முழுக்கத் தோண்டும்.

கதவின் அடி இடைவெளியை மறக்காதீர்கள். இரும்புக் கேட்டுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டுவிட்டு, மதிலுக்கு வலை போட்ட வீடுகள் நிறைய.

நகரத்தில் பாதாளச் சாக்கடையிலிருந்து வருகிறது. என்ன செய்வது?

வளை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். சேம்பரை நோக்கிப் போனால் உடைந்த குழாயோ பெயர்ந்த செங்கலோ இருக்கிறது. மூடி பொருந்தி உட்காருகிறதா, உள்சுவரில் பூச்சு விட்டிருக்கிறதா, பயன்பாட்டில் இல்லாத பழைய குழாய் திறந்து கிடக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையைக் கண்ணாடித்தூள் கலந்த சிமெண்ட் ஜல்லியால் அடைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழி, நன்றாகவே நிற்கும். புல்தரை மண்ணில் மட்டும் கண்ணாடி போட வேண்டாம், வெறுங்காலோடு நடக்கும் இடம். மழைநீர் வடிகால் வாயில் அரை அங்குலக் கம்பித்தட்டு வைத்து, அதில் சேரும் சருகை வாரம் ஒருமுறை எடுங்கள். இல்லாவிட்டால் மழைக்குத் தோட்டம் குளமாகும்.

நோய் ஏதாவது வருமா?

எலிக்காய்ச்சல் வரும். பெருச்சாளியின் சிறுநீர் கலந்த ஈரமண், தேங்கிய நீர் வழியாக, கால் வெடிப்பிலும் சிராய்ப்பிலும் கிருமி ஏறும். வளை வேலை செய்யும்போது ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியல். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மண்ணில் வேலை செய்ததையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனையிலேயே இரண்டு நாள் போய்விடும். கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழி விழுந்த புல்தரையை எப்படிச் சரி செய்வது?

மேலே மண் போட்டு மூடிவிட்டால் அடியில் சுரங்கம் அப்படியே இருக்கும். ஐப்பசி மழையில் கால் வைத்ததும் உள்வாங்கும். சுரங்கம் போன வழியே புல்லைப் பத்தையாக அறுத்து எடுத்து, மேற்கூரையை உடைத்துத் திறங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நாலு அங்குலம் கொட்டி, திமிசால் இடித்து, தண்ணீர் தெளித்து, மறுபடி நாலு அங்குலம். தரைமட்டத்துக்கு அரை அங்குலம் மேலாக முடியுங்கள். ஒரு வாரத்தில் இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டுப் பத்தையைத் திரும்ப வையுங்கள்.

அருகு வகைப் புல் சீக்கிரம் படர்ந்து மூடிவிடும். கொரியன் புல்லுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதில் வெற்றிடம் விடாமல் நாலைந்து அங்குல இடைவெளியில் சிறு கொத்துகளாக நட்டுவிடுங்கள். குவியல் மண்ணை வாராமல் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டாதீர்கள், கல் பட்டுக் கத்தி முனை மழுங்கும்.

ஒருமுறை ஒழித்தபின் எப்போது கவனமாக இருக்க வேண்டும்?

வருடத்தில் இரண்டு முறை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தாழ்வான வளைகளில் தண்ணீர் ஏறி, மேடான தோட்டங்களுக்கு இடம் பெயரும். வயலை ஒட்டிய வீடுகளுக்குத் தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு இன்னொரு படையெடுப்பு. இந்த இரண்டு சமயத்திலும் வாரம் ஒரு காலை மதிலோரமாக ஒரு சுற்று நடந்து, புது மண் தெரிந்தால் அன்று மாலையே அடைத்துக் குச்சி நடுங்கள். ஒரு வளையாக இருக்கும்போது ஒரு கூண்டில் முடியும்.